உடுப்புக்கடை வெப்சைட்: எல்லாரும் பாக்குறாங்க, ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல

உப்புவெளி உடுப்பு:
வணக்கம். நானும் அக்காவும் ரெண்டு வருசமா வீட்டில வச்சு சுடிதார், குர்தா, சின்னப் பிள்ளைகளிட ப்ரொக் எல்லாம் விக்கிறம். இவ்வளவு நாளும் ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தான், படத்தப் பாத்து விலை கேப்பாங்க, பேங்க்ல காசு போட்டு ஸ்லிப் அனுப்புவாங்க, நாங்க கொரியர்ல போட்டிருவம். மூண்டு மாசத்துக்கு முதல் சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் வெப்சைட் செஞ்சு தந்தான். வடிவாத்தான் இருக்கு, திறந்தோடன பெரிய படம் ஓடும், மேல இருந்து பூ விழும். ஆனா ஆக்கள் உள்ள போய் பாத்திட்டு திரும்ப வட்ஸ்அப்புக்கு வந்து "அக்கா இது என்ன விலை" எண்டு கேக்குறாங்க. நேத்து ஒரு பிள்ளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பிக் கேக்குது, அந்தப் படத்திலயே விலை கிடக்கு!! தீபாவளிக்கு முதல் இத சரிக்கட்டணும், கொழும்புக் கடையள் மாதிரி செலவழிக்க ஏலாது. வாங்க வாற ஆளா நிண்டு பாத்து சொல்லுங்க, எங்க பிழைக்குது?

கிண்ணியா உம்மா:
தங்கச்சி, இப்பதான் உங்கட சைட்டுக்குள்ள போய் வந்தன். மடியில பிள்ளை, ஒரு கையில போன், அப்பிடித்தான் நாங்க எல்லாரும் பாக்குறது எண்டத முதல்ல மனசில வச்சுக்கொள்ளுங்க. பூ விழுது விழுது, உடுப்பக் காணல்ல. பிறகு ஒரு உடுப்பக் கண்ணால காண முதலே ஒரு பெட்டி குதிச்சு வந்து ஈமெயில் தா எண்டு கேக்குது, அத மூடுற புள்ளடி கடுகளவு, என்ட பெருவிரல் பட்டு வேற எங்கயோ கொண்டு போயிட்டு.

அதவிட பெரிய விசயம் சைஸ். எஸ், எம், எல் எண்டு மட்டும் போட்டிருக்கு. யாருட எல்? என்கிட்ட மூணு கடையில வாங்கின மூணு எல் இருக்கு, ஒண்டு எனக்கு கொள்ளாது, ஒண்டு 13 வயசு மகளுக்குத்தான் சரி, மத்தத போட்டா ரெண்டு பேர் உள்ளுக்கு நிக்கலாம். உடுப்ப மேசையில விரிச்சு வச்சு கக்கத்தில இருந்து மத்தக் கக்கம் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்கிப் போடுங்க, அதுதான் நெஞ்சுச் சுத்தளவு. தோளில இருந்து நீளம் எவ்வளவு, கை எவ்வளவு, பக்க வெட்டு எங்க இருந்து தொடங்குது, உள்ளுக்கு லைனிங் இருக்கா, வெயிலுக்க நிண்டா தெரியுமா. எங்களுக்கு கை நீளம் முக்கியம், உங்கட படத்தில எல்லாப் பிள்ளையும் கையக் கட்டிக்கொண்டு நிக்குது, கை எங்க முடியுதெண்டு என்னெண்டு பாக்குற?

இன்னொண்டு. விலை கேக்குறவங்க விலைய கேக்கல்ல. அந்தப் பக்கம் ஆள் இருக்கா, அந்த உடுப்பு இன்னும் இருக்கா எண்டுதான் கேக்குறாங்க. நானும் அப்பிடித்தான் கேப்பன்.

கோட் தட்டுறவன்:
ராத்தா சொன்னதுதான் 90 வீதம். நான் மிச்சத்த சொல்லுறன். உங்கட படம் ஒவ்வொண்டும் 4 எம்பி கிட்ட இருக்கு, கெமராவில எடுத்தத அப்பிடியே ஏத்தியிருக்கிறான் தம்பி. அகலத்த 1200 பிக்ஸலுக்கு குறைச்சு வெப்பி (WebP) எண்ட, படத்திட பாரத்தக் குறைக்கிற ஃபோர்மட்டில போடச் சொல்லுங்க, போனுக்கு அது தாராளம். பக்கத்திட முக்கியமான பகுதி 2.5 செக்கனுக்குள்ள தெரியணும் எண்டு கூகுள் ஒரு அளவு வச்சிருக்கு, உங்கட பூவும் ஓடுற படமும் அதுக்கு விடாது. பூவ தூக்குங்க (தம்பிக்கு கவலையாத்தான் இருக்கும்). பட்டன் ஆகக் குறைஞ்சது 48 பிக்ஸல் உயரம் வேணும், ரோசாப்பூ நிறத்துக்கு மேல வெள்ளையில எழுதினா வெயிலுக்க ஒண்டும் தெரியாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 எண்ட வெளிச்ச வித்தியாசமாவது இருக்கணும்.

சில உடுப்பிட விபரம் பூச்சி பூச்சியா தெரியுது, அது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சத அப்பிடியே கொப்பி பண்ணினது, எல்லாப் போனிலயும் தெரியிற யுனிகோடுக்கு மாத்திப் போடுங்க. தேடுற பெட்டியில "சுடிதார்" எண்டு அடிச்சா வருது, "சுரிதார்" எண்டா ஒண்டும் இல்லயாம். ஆக்கள் நாலு மாதிரி எழுதுவாங்க, சல்வார், பஞ்சாபி எண்டும் தேடுவாங்க, எல்லாத்தையும் சேத்து விடச் சொல்லுங்க.

முக்கியமா, எக்கவுண்ட் திறந்தாத்தான் ஓடர் போடலாம் எண்டு வச்சிருக்கிறீங்க, அத உடன எடுங்க. அமெரிக்காவில ஒரு பெரிய கடை காசு கட்டுற இடத்தில "ரெஜிஸ்டர்" எண்ட பட்டன எடுத்திட்டு "கன்டினியூ" எண்டு போட்டதால வருசத்துக்கு 300 மில்லியன் டொலர் கூட வித்ததா ஒரு பேர் போன கதையே இருக்கு. அட்ரஸ் கேக்குற இடத்தில "ஸ்டேட்" எண்டு கிடக்கு, வெளிநாட்டு டெம்ப்ளேட். இங்க 25 மாவட்டம்தான், அத லிஸ்ட்டா போடுங்க. கீழ "கிட்ட உள்ள இடம்" எண்டு ஒரு பெட்டி வேணும், இங்க திருகோணமலை பாலையூற்றுல பாதிப் பேர் கோயிலுக்குப் பின்னால, கடைக்கு முன்னால எண்டுதான் வீட்ட சொல்லுவாங்க.

மட்டிக்களி வாசி:
டெலிவரி காசு!!! அதச் சொல்ல ஒருத்தரும் இல்லயா. 2,450 எண்டு பாத்து ஆசையா வந்து பேர், அட்ரஸ், நம்பர் எல்லாம் குடுத்த பிறகு கடைசிப் பக்கத்தில 2,900 எண்டு காட்டுது. நான் அதிலயே மூடிட்டன். 450 ரூபா பெரிசில்ல, ஒளிச்சு வச்சதுதான் கோவம். பேமார்ட் எண்டு இதையே ஆராயுற ஒரு நிறுவனம் சொல்லுது, கூடையில போட்ட 10 பேரில 7 பேர் வாங்காமப் போறாங்க, காரணத்தில முதலாவது இந்த கடைசில ஏறுற செலவுதான். உடுப்பிட விலைக்குக் கீழயே டவுனுக்கு இவ்வளவு, வெளி மாவட்டத்துக்கு இவ்வளவு எண்டு எழுதுங்க. பொருள் வந்த பிறகு காசு குடுக்கலாமா எண்டதும் அங்கயே இருக்கணும்.

மாத்தலாமா இல்லயா எண்டும் சொல்லுங்க. போன வருசம் ஒரு ஒன்லைன் கடையில கிளிப்பச்சை சாரி எண்டு எடுத்தன், வந்தது பாசிப்பச்சை. கேட்டா "லைட்டிங்ல அப்பிடித்தான்" எண்டு சொல்லிட்டு மெசேஜ் பாக்குறத விட்டுட்டாங்க. பின்னேரம் யன்னலுக்குப் பக்கத்தில வச்சு, ஃபில்டர் இல்லாம ஒரு படம் சேத்துப் போட்டா என்ன குறைஞ்சா போகும்.

உப்புவெளி உடுப்பு:
எல்லாருக்கும் நன்றி. பூவத் தூக்கியாச்சு, தம்பி ரெண்டு நாளா கதைக்கிறான் இல்ல. ஈமெயில் பெட்டியும் போயிட்டு. டெலிவரி காசு மேல வந்திட்டு. வட்ஸ்அப் பட்டன மட்டும் எடுக்கேல்ல, ராத்தா சொன்ன மாதிரி ஆள் இருக்கெண்டு தெரியட்டும், அமத்தினா எந்த உடுப்பெண்டு தானா எழுதிக்கொண்டு வாற மாதிரி செஞ்சிருக்கு.

இப்ப வேற பிரச்சினை. நேத்து இரவு அக்காவும் நானும் மேசையில விரிச்சு ஒவ்வொண்டா அளந்தம், 42 உடுப்பு, கரண்ட் போய் டோர்ச் பிடிச்சு அளந்தது வேற கதை. பாத்தா பச்சைக் குர்தாவில எல் சைஸ் எம்மை விட ஒரு இன்ச் சின்னன்!! ரெண்டும் வேற வேற லொட்ல வந்தது. இத என்னெண்டு போடுறது?

கிண்ணியா உம்மா:
எழுத்த தூக்கிட்டு இன்ச்ச மட்டும் போடுங்க தங்கச்சி. அந்தப் பச்சையில 40 இருந்தா எனக்கு ஒண்டு எடுத்து வைங்க, கை எவ்வளவு?

உப்புவெளி உடுப்பு:
40 இருக்கு ராத்தா. கை பதினேழரை.