ஏற்காடு ஏறும்போது முன்பக்கம் ‘டக் டக்’: லிங்க் ராடா, ஆக்சிலா?

மாங்கனிக்காரன்:
ஒன்பது வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். மீட்டரில் 92 ஆயிரம். சேலத்துக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு கிளம்பினோம். அடிவாரம் தாண்டி, கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்து ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்பக்கம் ‘டக் டக் டக்’. நேரானதும் நின்றுவிடுகிறது. இருபது வளைவில் சிலதில் வருகிறது, சிலதில் இல்லை. விற்றவரைக் கேட்டால் “பழைய வண்டின்னா சத்தம் இருக்கத்தானுங்க செய்யும்” என்கிறார். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் இரண்டு பக்க ஆக்சிலும் (இன்ஜின் இழுவையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) மாற்ற 16 ஆயிரம் என்றார்கள். கொடுக்கலாமா?

ஸ்பேனர்சாமி:
பைசா கொடுக்காதீர்கள். இது லிங்க் ராடு, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் சின்ன ராடு. மிஞ்சிப் போனால் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். நம் ஊர் வேகத்தடைகளில் ஒன்பது வருடம் ஏறி இறங்கிய வண்டிக்கு முதலில் போவது அதுதான். சின்ன வேலை, அரை மணி நேரம்.

அடிவாரத்தான்:
அண்ணா, லிங்க் ராடு மேடு பள்ளத்தில் ‘லொட்டு லொட்டு’ என்று தட்டும், தாளம் இருக்காது. இவர் சொல்வது சக்கரம் சுற்றச் சுற்ற எண்ணிக்கொண்டு வரும் ‘டக் டக்’. ஆக்சிலின் சக்கரப் பக்கத்து ஜாயின்ட் தேய்ந்தால்தான் அப்படி வரும்.

ஸ்பேனர்சாமி:
எழுத்தில் ‘டக் டக்’ என்று படித்துவிட்டுத் தாளம் வரை சொல்கிறீர்கள், பலே! ஏற்றத்தில் லோடு விழும்போது வருகிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டாகவும் இருக்கலாமே?

அடிவாரத்தான்:
மவுண்ட் போயிருந்தால் கிளட்ச் விடும்போது ‘டொம்’ என்று ஒரு குலுக்கு. நேர் ரோட்டிலும் வரும். ஸ்டியரிங் ஒடிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

காபித்தோட்டம்:
ஆளுக்கொரு பதில் சொல்கிறீர்களே தவிர யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாங்கனி, இறங்கும்போது சத்தம் வந்ததா? எந்தப் பக்க வளைவில் வந்தது?

மாங்கனிக்காரன்:
அட, இறங்கும்போது ஒரு தடவைகூட வரவில்லை! வீட்டுக்காரம்மாவிடமும் கேட்டுவிட்டேன். ஏறும்போது இடது வளைவுகளில் மட்டும்தான்.

காபித்தோட்டம்:
அப்போது லிங்க் ராடு வாதம் நொண்டுகிறது. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாயும், அதே வளைவு, அதே பள்ளம். சஸ்பென்ஷன் என்றால் அங்கேயும் தட்டியிருக்க வேண்டும். இறக்கத்தில் இல்லாதது இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இழுவை ஒன்றுதான்.

அடிவாரத்தான்:
அதேதான். இடது வளைவில் வருகிறதென்றால் வெளிவட்டத்தில் உழைக்கும் வலது சக்கரம். வலது ஜாயின்ட்டை மட்டும் பாருங்கள், 16 ஆயிரம் எதற்கு?

ஸ்பேனர்சாமி:
இங்கேதான் அவசரப்படுகிறீர்கள், தம்பி. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடது கொண்டை ஊசி நமக்கு உள்வட்டம், ஸ்டியரிங் முழுசாக ஒடிய வேண்டும். வலது வளைவில் அகலமாகச் சுற்றி வருகிறோம், அவ்வளவு ஒடிக்கத் தேவையில்லை. ஆகவே இடதில் மட்டும் சத்தம் என்பதை வைத்து எந்தப் பக்க ஜாயின்ட் என்று சொல்லவே முடியாது. ஆக்சில் என்பதையே நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

காபித்தோட்டம்:
சாமி சொன்னதில் இந்தப் பாயின்ட் ஆணித்தரம். மாங்கனி, மலைக்குப் போகாதீர்கள். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் கொஞ்சம் மிதித்து ஒரு வட்டம் இடது, ஒரு வட்டம் வலது. ரிவர்ஸிலும் செய்யுங்கள். வெளியே ஒருவர் தள்ளி நின்று கேட்கட்டும். ஓட்டுபவர் காதில் எல்லாச் சத்தமும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து வருவது போலவே விழும். அப்படியே சக்கரத்தை ஒடித்து நிறுத்தி, உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் சக்கரம் சுழன்ற வேகத்தில் கிரீஸ் ரிம்மின் உள்பக்கம் தெறித்துக் கருப்பாக ஒட்டியிருக்கும்.

மாங்கனிக்காரன்:
மச்சானை வெளியே நிறுத்திச் செய்தேன். இடது வட்டத்தில் பத்தடி தள்ளியே கேட்டதாம். வலது வட்டத்தில் ஒன்றுமில்லை. வலது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க கிரீஸ், பூட் மடிப்பில் நீளமாகக் கிழிசல். இடது பூட் புதிது போல இருக்கிறது.

ஸ்பேனர்சாமி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜாயின்ட்டை மாற்றாதீர்கள். கழற்றி டீசலில் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் மாட்டினால் போதும்.

அடிவாரத்தான்:
கிழிசலைச் சத்தம் வருமுன் பார்த்திருந்தால் அது போதும். கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் புகுந்து, ஜாயின்ட்டுக்குள் இரும்புக் குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்த பிறகுதான் இந்தச் சத்தமே பிறக்கிறது. தேய்ந்த இரும்பைக் கிரீஸ் வளர்த்துத் தருமா?

ஸ்பேனர்சாமி:
நான் போட்டுக் கொடுத்த வண்டி ஒன்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடிவாரத்தான்:
ஓடும். மழையில், எதிரே பஸ் வரும்போது, கொண்டை ஊசி நடுவில் ஜாயின்ட் விட்டுப்போனால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. மலைக்குப் போகாத வண்டி என்றால் உங்கள் வழி சரி.

மாங்கனிக்காரன்:
வேறொரு மெக்கானிக்கிடம் வலது பக்க வெளி ஜாயின்ட் மட்டும், பூட்டோடு புதிதாக மாற்றினேன். மொத்தம் 4,300. நேற்று மறுபடி ஏறினேன். ஜன்னலை இறக்கிவிட்டுப் பாறையை ஒட்டிப் போனால் சத்தம் திரும்பி வந்து காதில் விழும் என்பதால் வேண்டுமென்றே அப்படித்தான் ஓட்டினேன். இருபது வளைவிலும் சுத்தம். ஆனால் திரும்பி வரும்போது கோரிமேடு பக்கம் வேகத்தடையில் லேசாக ‘லொட்டு’ என்று ஒன்று. ஏற்கெனவே இருந்ததா, இப்போதுதான் காது கூர்மையாகிவிட்டதா என்று தெரியவில்லை.

ஸ்பேனர்சாமி:
லிங்க் ராடு!!

காபித்தோட்டம்:
சாமி, பொறுங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறினால் வருகிறதா, இரண்டும் சேர்ந்து ஏறினாலும் வருகிறதா? அதைச் சொல்லட்டும் முதலில்.