எலிவேட்டட் பிளஸ் மேஸ்: புதிர்வழியா, பரணா?

ஐயா, வணக்கம்.

மொழிபெயர்ப்பில் இருக்கும் வல்லாரைக் கட்டுரையில் வரும் 'எலிவேட்டட் பிளஸ் மேஸ்' (எலியின் பதற்றத்தை அளக்கும் ஆய்வுக்கூடக் கருவி) என்பதற்குத் தமிழில் 'உயர்த்திய கூட்டல்குறிப் புதிர்வழி' சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இடிப்பது 'புதிர்'தான்.

அதில் அவிழ்க்க ஒரு புதிரும் இல்லை. தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில், கூட்டல்குறி போல நீளும் நான்கு பலகைக் கைகள். எதிரெதிரே இரண்டுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் மொட்டை. எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். படிக்கும் காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன். சுவருக்குள் ஒண்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் பின்னங்காலைச் சுவருக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு உடம்பை மட்டும் நீட்டி வெளியே மோந்து பார்க்கும். சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பதற்றம் தணிக்கும் மருந்தான டயசிபாம் கொடுத்த எலியோ மொட்டைக் கையில் கூடுதல் நேரம் உலாவும். வல்லாரையும் அப்படிச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. 1985-இல் பெல்லோ, ஃபைல் குழுவினர் எலிகளில் இம்முறையைச் சோதித்து வெளியிட்டபோது அளந்ததும் பதற்றத்தைத்தான்.

ஆகவே 'அச்சப் பரண்' என்கிறேன். பன்றி விரட்டக் காட்டில் கட்டும் பரணை நினைத்துப் பாருங்கள்: உயரம், திறந்தவெளி, விழுந்துவிடுவோமோ என்ற பயம், எல்லாம் சொல்லிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. வல்லாரையை எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, உலர்த்தியதைச் 'சாறு' என்றால் அம்மியில் அரைத்துப் பிழிந்ததாக நினைப்பார்கள். 'வடிசத்து' எனலாமே?

*

மறுமொழி:

வடிசத்து நன்று, எடுத்துக்கொள்கிறேன். புதிரைக் கழற்றியதும் சரி. எலியின் நினைவாற்றலைச் சோதிக்கும் மாரிஸின் 'வாட்டர் மேஸ்'ஸிலும் அதே கதைதானே? வெறும் வட்டத் தொட்டி, கலங்கல் நீர், அடியில் மறைந்திருக்கும் ஒரு திட்டு.

ஆனால் 'அச்சம்' வேண்டாம் ஐயா. இதே கருவியை நினைவாற்றலுக்கும் பயன்படுத்துகிறார்கள். எலியை மொட்டைக் கையின் நுனியில் விட்டு, சுவருக்குள் போக எத்தனை நொடி என்று குறிப்பார்கள், மறுநாளும் விடுவார்கள். நேரம் குறைந்தால் நினைவிருக்கிறது என்று பொருள். அங்கே 'அச்சப் பரண்' என்று எழுதினால் வாசகர் குழம்பிப்போவார். பயனை விட்டு வடிவத்தைச் சொல்வோம்.

பரணும் எனக்கு உதைக்கிறது. பரண் என்றதும் எங்கள் வீட்டு அடுப்படிப் பரண்தான் கண்முன் வருகிறது. அங்கே பயப்படுவது நாங்கள், எலி அல்ல! 'நாற்கை மேடை' என்று வைத்துக்கொள்ளலாமா?

பி.கு.: மூலத்தில் 'பிராமி' என்று இருந்தால் தாவரவியல் பெயரையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பெயரில் வல்லாரையும் வரும், நீர்ப்பிரமியும் வரும்.