ஃபோன், லேப்டாப், சிம்னு ரெண்டு கம்பெனிச் சாமான் சேர்ற எடத்துல என்ன கோளாறு பாத்தீங்க?

காதர்பேட்டை:

துணிக் கலர் ஷேடு விஷயம்ங்க. துணி வாங்கற பையர் ஐஃபோன்ல எடுத்து அனுப்புன கோரல் கலர் துணியை, கம்பெனில ஆர்டரைப் பாக்கற மெர்ச்சண்டைசர் விண்டோஸ் லேப்டாப்ல ஒரு பழைய வியூவர்ல தொறந்தா, செங்கல் தூள் மாதிரி வெளுத்துக் கெடக்குது. அதே படம் ஐஃபோன்ல பாத்தா பழுத்த மாதுளை. டையிங்குல இருந்து வந்த லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு, ரெண்டு தடவை திரும்பிப் போச்சு. ரெண்டு தடவையும் துணி மேல தப்பே இல்லீங்க.

2016ல வந்த ஐஃபோன் 7ல இருந்து அந்தக் கேமரா டிஸ்ப்ளே பி3ங்கற அகலமான கலர் அளவுல படத்தை எழுதுது. விண்டோஸ் பக்கம் பெரும்பாலான மானிட்டருக்கு எஸ்ஆர்ஜிபிங்கற சின்ன அளவுதான். படத்துக்குள்ள ஒட்டியிருக்கற கலர் புரொஃபைலைப் படிக்காத புரோகிராம், பி3 எண்ணை எஸ்ஆர்ஜிபி எண்ணுன்னே எடுத்துக்கும். செவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண்ணாத்தான் ஒரு கலரை எழுதும். எஸ்ஆர்ஜிபில முழுச் செவப்பு 255, 0, 0. அதே செவப்பை பி3ல எழுதுனா ஏறக்குறைய 234, 51, 35. அந்த எண்ணை அப்படியே திரைல போட்டா மங்காம என்ன செய்யும்? செவப்பு, ஆரஞ்சு, பச்சைலதான் அடி எச்சு. நேவி, கிரே ஆர்டர்ல அவ்வளவாத் தெரியாது, அதனாலதான் பல பேர் இதைக் கவனிக்கவே இல்லை.

காந்திபுரம் சர்வீஸ்:

இதுக்கு இவ்வளவு எதுக்குங்க. ஐஃபோன் செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பாட்டிபிள். தீந்துச்சு.

காதர்பேட்டை:

தீராதுங்க. அது ஹெச்இஐசிங்கற ஐஃபோன் பட ஃபைல் வகையை ஜேபெக்கா மாத்தும், அவ்வளவுதான். 2017ல ஐஓஎஸ் 11ல ஹெச்இஐசி வந்தப்பறம் விண்டோஸ்ல படம் தொறக்கலைன்னா அதுக்கு நீங்க சொல்றது மருந்து. இங்க படம் தொறக்குது, கலர்தான் போகுது. டப்பா மாறுனாலும் உள்ள இருக்கற பி3 புரொஃபைல் அப்படியேதான் இருக்கும்.

ஃபோட்டோஷாப்ல தொறந்து ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ போய் எஸ்ஆர்ஜிபி குடுத்து, தனி ஜேபெக்கா சேவ் பண்ணி அனுப்பணும். பக்கத்துலயே ‘அசைன் புரொஃபைல்’னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடக்கூடாது. கன்வர்ட் பண்ணுனா எண் மாறி கலர் நிக்கும். அசைன் பண்ணுனா எண் நின்னு கலர் மாறும். இது போக, பாக்கற ஆண்ட்ராய்டு ஃபோன்ல திரை ‘விவிட்’ல இருந்தா ‘நேச்சுரல்’ ஆக்கணும். ஐஃபோன்ல ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் ரெண்டையும் அணைக்கணும்.

இத்தனையும் பண்ணுனாலும் படம் பேச்சுக்குத்தான். ஓகே சொல்றது கலர் பாக்கற லைட் பாக்ஸ்ல, டி65ங்கற பகல் வெளிச்சத்துலயும் டிஎல்84ங்கற கடை ட்யூப்லைட் வெளிச்சத்துலயும், கைல துணித் துண்டை வெச்சுத்தான். வாட்ஸ்அப் படத்தை வெச்சு பல்க் டையிங் போடறதைப் பாத்தா வயிறு எரியுதுங்க.

மஞ்சமண்டி ஈரோடு:

எங்க மண்டில நடந்த கான்டாக்ட் கதை. ஆயிரத்துக்கும் மேல பேர், எல்லாம் தமிழ்ல: ‘பெருந்துறை முத்துக்கவுண்டர்’, ‘கொடுமுடி விரலி’ன்னு. கூகுள் கான்டாக்ட்ஸ்ல இருந்து சிஎஸ்வி, அதாவது கமா போட்டுப் பிரிச்ச பட்டியல் ஃபைல், எறக்கி, எக்ஸெல்ல டபுள் கிளிக் பண்ணித் தொறந்தாங்க. பேர் இருந்த எடத்துலெல்லாம் தலைல கோடு போட்ட இங்கிலீஷ் ஏ, வட்டத்துக்குள்ள ஆர், திரும்ப ஏ, திரும்ப ஆர். ஒரு பேர் கூடப் படிக்க முடியலை.

ஃபைல் கெட்டுப் போகலைங்க. கூகுள் எழுதுனது யுடிஎஃப்-8ங்கற, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறை. அதுல ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூணு பைட்டு, முதல் பைட்டு எல்லாத்துக்கும் ஒண்ணேதான். எக்ஸெல் அந்த ஃபைலை விண்டோஸோட பழைய இங்கிலீஷ் எழுத்து முறைன்னு நெனச்சு பைட்டுக்கு ஒரு எழுத்தாப் போடுது. அதனாலதான் அந்த ஏ திரும்பத் திரும்ப வருது.

அந்தத் தெரையைப் பாத்ததும் சேவ் பண்ணாம மூடிருங்க. சேவ் பண்ணுனாத்தான் உண்மையாவே கெடும். காலி எக்ஸெல் தொறந்து, டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, ஃபைல் ஆரிஜின்ல 65001 யுனிகோடு யுடிஎஃப்-8. தமிழ் வந்துரும். ஆனா அடுத்த குழி நம்பர்ல இருக்குது. +91ல ஆரம்பிக்கற நம்பரை எக்ஸெல் கணக்கு எண்ணுன்னு எடுத்து பிளஸ்ஸைத் தின்னுரும். 12 இலக்கம் ஆனதால 9.19ன்னு சுருக்கி, பின்னால ஈ போட்டுக் காட்டும். அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணுனா திரைல தெரிஞ்சதுதான் ஃபைல்ல போகும், மீதி நம்பர் போயே போச்சு. லோடு பண்றதுக்கு முன்னாடியே டிரான்ஸ்ஃபார்ம் டேட்டால நம்பர் இருக்கற நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கணும். முடிச்சுட்டு ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ன்னு இருக்கறதைத்தான் தேர்வு பண்ணணும். வெறும் சிஎஸ்வின்னா தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆயிரும்.

காந்திபுரம் சர்வீஸ்:

கான்டாக்ட் மாத்தறதுக்கு எக்ஸெல் பக்கமே போகக்கூடாதுங்கண்ணா. விகார்டு, அதாவது விசிஎஃப் ஃபைல், அதுதான் ரெண்டு பக்கமும் படிக்கற பாஷை. கூகுள் கான்டாக்ட்ஸ்ல எக்ஸ்போர்ட் அமுத்தி மூணாவதா இருக்கற விகார்டைத் தேர்வு பண்ணி, அந்த ஃபைலை மெயில்ல அனுப்பி ஐஃபோன்ல தொறந்தா எல்லாரையும் ஒண்ணாச் சேக்கலாம். ஐஃபோன்லயே ஜிமெயில் கணக்கைச் சேத்து, அதுல கான்டாக்ட்ஸ் பட்டனைப் போட்டுட்டா அதுகூட வேண்டாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். பேர்ல பாதி கூகுள்லயே இருக்காது. ஃபோன் மெமரிலயும் சிம்லயும் கெடக்கும். ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு பேரும் எங்க சேவ் ஆயிருக்குதுன்னு அந்தப் பேரைத் தொறந்தாத் தெரியும். மொதல்ல எல்லாத்தையும் கூகுள் கணக்குக்கு நகத்துங்க. சிம்ல இருக்கற பேர் நீளமா இருந்தா வெட்டுப்பட்டிருக்கும், தமிழ்ப் பேர் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். பழைய ஃபோன்ல எடுத்த விசிஎஃப் 2.1 வகையா இருந்தா நோட்பேடுல சமக்குறியும் எண்ணுமாத் தெரியும், பயப்பட வேண்டாம், கூகுள் படிச்சுக்கும். கடைசியா, ஐஃபோன் செட்டிங்ஸ்ல புதுப் பேர் எங்க போகணும்னு டீஃபால்ட் அக்கவுண்ட் ஒண்ணு இருக்கும். அதை ஜிமெயில் ஆக்கலைன்னா ஆறு மாசத்துல பாதிப் பேர் ஐகிளவுட்ல, பாதி கூகுள்லன்னு திரும்ப ரெண்டு பட்டி ஆயிரும்.

மஞ்சமண்டி ஈரோடு:

மண்டில பேரோட ஊர், வாங்குன ரகம், பாக்கி எல்லாம் சேத்துப் பட்டியல் எடுக்கணும்ங்க. அதுக்கு எக்ஸெல்தான் வேணும். கான்டாக்ட் மாத்தறதுக்குன்னு நான் சொல்லவே இல்லையே.

கோபி:

வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டுல இருந்து ஐஃபோனுக்கு மாறுனவர் கடைல ஐஃபோனை முழுசா செட்டப் பண்ணி வாங்கிட்டாரு. கூகுள் டிரைவ் பேக்கப் இருக்குதுன்னு தைரியம். அந்தப் பேக்கப்பை ஐஃபோன் வாட்ஸ்அப் படிக்காதுங்க. 2022ல வாட்ஸ்அப்புக்கு வந்த ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் வழி, ஐஃபோன் புதுசா ‘ஹலோ’ன்னு நிக்கறப்பத்தான் நடக்கும். அதனால அழிச்சு முதல்ல இருந்து. ரெண்டு ஃபோனும் சார்ஜர்ல, ஒரே வைஃபைல, அதே நம்பர். மாத்தி முடிச்சு சாட் எல்லாம் ஐஃபோன்ல கண்ணால பாக்கற வரைக்கும் பழைய ஃபோனை ரீசெட் பண்ணாதீங்க.

காங்கேயம் தோட்டம்:

நம்ம பக்கத்து விஷயம் ஒண்ணு. கெணத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்குது. மிஸ்டு கால் குடுத்தா ஓடற வகை. வாங்குன நாளே புது 4ஜி சிம், ஃபோன்ல போட்டா நெட்டு பறக்குது, கால் போகுது. ஸ்டார்ட்டர்ல போட்டா செத்த மாதிரி. உள்ள ஒரு சின்ன செவப்பு லைட், செகண்டுக்கு ஒருக்கா மின்னிக்கிட்டே இருக்குது. பெட்டியை மாத்தியும் பாத்தாச்சு, அதேதான். ராத்திரி த்ரீ பேஸ் வர்றப்ப டார்ச் எடுத்துக்கிட்டு நடக்கறது நிக்கலை.

தாராபுரம் வயரிங்:

பெட்டியும் நல்லது, சிம்மும் நல்லதுங்க. சேராது. கம்மி வெலை ஸ்டார்ட்டர்ல இருக்கறது 2ஜி மாடியூல், அதாவது சிம் போடற சின்ன சர்க்யூட், 900, 1800 மெகாஹெர்ட்ஸ்ல ஜிஎஸ்எம்ங்கற 2ஜி சிக்னலைத் தேடும். ஜியோ 2016ல வந்தது முதலே 4ஜி, அதுல 2ஜி கெடையாது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல்ல 2ஜி இருக்குது, ஆனா உங்க கெணத்து மேட்டுல எது கெடைக்குதுன்னு பழைய பட்டன் ஃபோன்ல போட்டுப் பாத்துட்டு வாங்குங்க. இல்லைன்னா 4ஜி மாடியூல் போட்ட ஸ்டார்ட்டர்.

அந்த லைட்தான் எல்லாம் சொல்லும். இந்த வகை மாடியூல்ல செகண்டுக்கு ஒருக்கா மின்னுனா டவரைத் தேடுதுன்னு அர்த்தம். மூணு செகண்டுக்கு ஒருக்கான்னா டவரைப் புடிச்சுருச்சு.

சிம்மை ஃபோன்ல போட்டு பின் லாக்கை எடுத்துருங்க. கால் ஃபார்வர்டு, காலர் ட்யூன் இருந்தா நிறுத்துங்க. வேலிடிட்டி முடிஞ்சா மோட்டாரும் நின்ன மாதிரிதான், அதனால வருசத்துக்கு ரீசார்ஜ் பண்றது நல்லது. ஸ்டார்ட்டர்ல பதியற உங்க நம்பரை +91 சேத்தும் சேக்காமலும் ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்க. நெட்வொர்க் அனுப்பற வடிவம் ஒத்துப்போகலைன்னா தெரியாத நம்பர்னு தள்ளிரும்.

ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கக்கூடாது. ஒயரை வெளிய எடுத்து, மோட்டார் ஒயர்ல இருந்து தள்ளி, மேல தூக்கிக் கட்டுங்க. கால் வர்ற நேரத்துல மாடியூல் கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். பவர் சப்ளை சொங்கியா இருந்தா அந்த நொடில ரீசெட் ஆகி, டவர் இருந்தும் இல்லாத மாதிரிக் காட்டும்.

மோட்டாரைப் போட்டு நிறுத்தற ரிலே சுவிட்ச் வயரிங்கையும் பாத்துருங்க. ஆன் ரிலே பச்சை பட்டனுக்கு இணையா, ஆஃப் ரிலே செவப்பு பட்டனோட தொடரா. மாத்திக் குடுத்திருந்தா கைல அமுத்துனாலும் நிக்காது. ஃபியூஸைப் புடுங்கி கைல வெச்சுக்கிட்டுத்தான் பெட்டியைத் தொறக்கணும், ராத்திரி தொறக்கவே வேண்டாம்.

காங்கேயம் தோட்டம்:

2ஜி இருக்கற சிம் மாத்தியாச்சுங்க. ஆன்டெனாவை ஷெட்டு மேல வேப்பங்கம்புல கட்டியிருக்குது. லைட் இப்ப மூணு செகண்டுக்கு ஒருக்கா மின்னுது.