ஏழாம் வகுப்பு மகனின் தமிழ் எழுத்துப் பிழைகள்: அரட்டை காரணமா, பள்ளி காரணமா?

கேள்வி (கோவையிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஆங்கிலவழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். சென்ற வாரம் அவனுடைய தமிழ்க் கட்டுரை ஏட்டைப் புரட்டியபோது, 'மலை பெய்ததால் பல்லிக்கு விடுமுறை விட்டார்கள்' என்ற வரியில் இரண்டு சிவப்பு வட்டங்களைக் கண்டேன். வாயால் சொல்லும்போது மழை, பள்ளி இரண்டையும் அவன் சரியாகத்தான் சொல்கிறான். வாட்ஸ்அப்பில் நண்பர்களோடு நாள்தோறும் தமிழில்தான் பேசிக்கொள்கிறான், ஆனால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இருக்காது. எல்லாம் ஆங்கில எழுத்துதான். அலைபேசியை வாங்கி வைத்துவிட்டால் இது சரியாகுமா, அல்லது நான் பள்ளியில் போய்க் கேட்க வேண்டிய விஷயமா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

மறுமொழி (ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)

அம்மா, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். பிழையோடு இருந்தாலும் அந்த வரி உங்கள் மகன் சொந்தமாக எழுதியது. உரைநூலில் உள்ள கட்டுரையை மனப்பாடம் செய்து பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகளை முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். தானாக நான்கு வரி எழுதச் சொன்னால் அவர்களில் பலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

வகுப்பைக் கணக்கிட்டால், 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது உங்கள் மகன் முதல் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்திருப்பான். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழகத்தில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். உயிர்மெய் வரிசை கையில் படிய வேண்டிய காலம் முழுவதும் அவன் திரைக்கு முன்னால் இருந்திருக்கிறான். அந்த இடைவெளியில் விடுபட்ட அடிப்படை எழுத்தையும் கணக்கையும் மீட்க அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அவனுக்கு அதுவும் கிட்டவில்லை. இப்போதும் பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் படமாக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுவதால், கரும்பலகையைப் பார்த்து எழுதும் பழக்கமே குறைந்துவிட்டது. சொல்வதெழுதுதல் நடக்கிறதா என்று பள்ளியில் அவசியம் கேளுங்கள். அரட்டையைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

மறுமொழி (மொழியியல் ஆய்வு மாணவர்)

ஐயா கூறியதில் பெரும்பகுதி உண்மை என்றாலும், அரட்டையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். குறுஞ்செய்திச் சுருக்கங்கள் எழுத்தறிவைக் கெடுப்பதில்லை என்பதற்கு 2009இல் பெவர்லி பிளஸ்டர், கிளேர் வுட் முதலியோர் இங்கிலாந்தில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வைச் சொல்வார்கள். சுருக்கங்களை மிகுதியாகப் பயன்படுத்திய பிள்ளைகள் சொற்களை நன்றாகவே வாசித்தார்கள் என்பது அதன் முடிவு. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே சுருக்கினார்கள். சுருக்கும்போதுகூட எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று எண்ணிப் பார்த்தார்கள்.

நம் பிள்ளைகளின் நிலை வேறு. பி, ஏ, எல், ஏ, எம் என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டினால் அது பலமாகவும் இருக்கலாம், பழமாகவும் இருக்கலாம், பாலமாகவும் இருக்கலாம். படிக்கும் நண்பன் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறான் என்பதால், ல, ள, ழ மூன்றில் எது என்று முடிவு செய்ய வேண்டிய தேவையே எழுதுபவனுக்கு வருவதில்லை. ந, ன, ண வேறுபாடும், ர, ற வேறுபாடும், குறில் நெடிலும் இப்படித்தான் மங்குகின்றன. உங்கள் மகனின் இரண்டு வட்டங்களும் சரியாக இந்த இடத்தில்தான் விழுந்திருக்கின்றன.

மறுமொழி (ஈரோட்டிலிருந்து, அரசின் மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்தவர்)

அலைபேசியைப் பறிக்காதீர்கள், சகோதரி. அதிலுள்ள விசைப்பலகையை மாற்றுங்கள். ஆங்கிலத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகை வேண்டாம். அதில் ழகரமா ளகரமா என்பதைப் பெரும்பாலும் கருவியே தேர்ந்தெடுத்துவிடும். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு செல்லினம் போன்ற செயலிகளில் உண்டு. அதில் ப என்ற விசையை அழுத்தி, அடுத்து ஆ என்ற உயிரை அழுத்தினால் பா வரும். க விசையை இரு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' என்று வரும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதை, இலக்கண வகுப்பில் தூங்கிய என் மகள் இந்த விசைகளில்தான் கண்டுகொண்டாள். முதல் பத்து நாள் சலித்துக்கொள்வான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: யாருக்காக எழுதுகிறான் என்பது முக்கியம். எங்கள் மாலை வகுப்பில் கட்டுரை எழுத மறுத்த ஒரு சிறுவன், வெளியூரில் வேலை பார்த்த தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதலாம் என்றதும் ஒன்றரைப் பக்கம் எழுதினான். 'எப்போது வருவீர்கள்' என்பதை மூன்று இடத்தில் எழுதியிருந்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாத என் மாமனார் ஊரில் இருக்கிறார். இனி அவருக்குத் தமிழ் எழுத்தில்தான் செய்தி அனுப்ப வேண்டும் என்று மகனிடம் சொல்லி, தமிழ்99 விசைப்பலகையை நேற்றே போட்டுக் கொடுத்தேன். 'தாத்தா சாப்பிட்டீங்களா' என்று எழுத நான்கு நிமிடம் ஆனது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. வீட்டுப்பாடத்தைப் படமாக அனுப்பாமல் பிள்ளைகளையே எழுதி வரச் செய்யுமாறும், வாரத்துக்கு இரு நாளாவது சொல்வதெழுதுதல் வைக்குமாறும் தமிழாசிரியையிடம் கேட்கப் போகிறேன்.