அரசியல் பொருளாதாரத்துல பிஎச்.டி. — சென்னையிலயே பண்ணலாமா?

பெரம்பூர்_பொண்ணு:
எம்.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சிட்டேன். கிராமத்துக் கடன், நிலம் பத்தி ஆராய்ச்சி பண்ண ஆசை. வீட்டுல பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லி உயிரை வாங்குறாங்க. டெல்லி போனாத்தான் மதிப்புன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. நிஜமா?

கள_ஆய்வு_அக்கா:
டெல்லிக்கு எதுக்கும்மா? அடையாறு காந்தி நகர்ல எம்.ஐ.டி.எஸ்.னு வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கு, 1971ல மால்கம் ஆதிசேஷையா தொடங்கினது. அதுக்கும் முன்னாடியே, 1916ல, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வெச்சார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைப்புரம், கங்கைகொண்டான். அதே ஊர்களுக்கு 1930கள்லயும் 1960கள்லயும் 1980கள்லயும் வேற வேற ஆட்கள் திரும்பப் போய் எடுத்தாங்க. நிலம் யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போச்சுன்னு நூறு வருஷத்துக்குப் பின்னோக்கிப் பார்க்கலாம். இந்த வசதி எத்தனை ஊருக்கு இருக்கு?

கள வேலையை மட்டும் லேசா நினைக்காதீங்க. "கடன் எவ்வளவு?"ன்னு கேட்டா "அதெல்லாம் இல்லம்மா"ன்னு முடிச்சிடுவாங்க. நகையைப் பத்திப் பேச்சுக் கொடுங்க. ரேஷன் கார்டு வெச்சிருக்கிற மஞ்சப்பையிலேர்ந்தே அடகுக்கடைச் சீட்டு வெளிய வரும். வட்டி, தவணை, யாரோட கல்யாணம், எல்லாம் அதுலேர்ந்து பேசிடலாம். என் தீசிஸ்ல பாதி அந்தச் சீட்டுங்கதான்.

பணத்துக்கு, நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்கிடுங்க. மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. வயசு வரம்பு 30, பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு. அது இல்லாம சேராதீங்க. வீட்டு வாயையும் அதுதான் அடைக்கும்.

கௌரவ_விரிவுரை:
அக்கா சொல்றது சரி, ஆனா முடிச்ச பிறகு? நான் பிஎச்.டி. வாங்கிட்டு ஒரு கல்லூரியில கெஸ்ட் லெக்சரரா ஓட்டுறேன். மே மாசம் சம்பளம் கிடையாது. நிரந்தரப் பணிக்கு அறிவிப்பு வரும் வரும்னு கண்ணு பூத்துப்போச்சு.

கள_ஆய்வு_அக்கா:
மறுக்கலை தம்பி. அதனாலதான் எல்லாரையும் கூப்பிடாம, கிறுக்கு பிடிச்சவங்களை மட்டும் கூப்பிடுறேன். தங்கச்சி, கூடவே ஸ்டேட்டா, ஆர் மாதிரி ஒரு புள்ளியியல் மென்பொருள் கத்துக்கோ. அரசுத் திட்டங்களை மதிப்பீடு பண்ற வேலைக்கு அதைத்தான் முதல்ல கேட்பாங்க.

பெரம்பூர்_பொண்ணு:
நன்றிக்கா. நெட் எழுதுறேன். அதுக்குள்ள இருவேல்பட்டை ஒருதரம் பார்த்துட்டு வரலாமா?

கள_ஆய்வு_அக்கா:
தாராளமா. விழுப்புரம் தாண்டி திருச்சி நெடுஞ்சாலையிலயே வரும். அறுப்பு சமயத்துல மட்டும் போயிடாத, உன்கூட உட்கார்ந்து பேச ஒருத்தருக்கும் நேரம் இருக்காது.