மரைன் டேங்கில் ‘டக் டக்’ சத்தம்: க்ளவுன் ஜோடி கொஞ்சுதா, சண்டை போடுதா?

உப்புத்தண்ணி:
நாலடி மரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி). ஓசெல்லாரிஸ் க்ளவுன் மீன் ரெண்டு, ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. கூடவே மூணு புள்ளி டாம்சல் மீன் ஒண்ணு. சாயங்காலம் டி.வி.யை அணைச்சுட்டு கிட்டப் போனா, நகத்தால கண்ணாடியைத் தட்டற மாதிரி ‘டக்-டக்-டக்’னு கேக்குது. பவர்ஹெட்டை (தண்ணியைச் சுழல விடற மோட்டார்) நிறுத்திப் பார்த்துட்டேன், அப்பவும் வருது. ஆண் மீன் பெண்ணைக் கூப்பிடற சத்தம்னு ஒரு வீடியோவில் சொன்னாங்க. அப்படின்னா முட்டை போடப் போகுதா? முட்டை ஒட்ட டைல் வைக்கலாமா?

கொளத்தூர்வாசி:
லைவ் ராக் (உயிரினங்களோட வர்ற கடல் பாறை) புதுசா போட்டீங்களா? உள்ள பிஸ்டல் இறால் ஏதாவது ஒளிஞ்சுக்கிட்டு வந்திருக்கும். என் கஸ்டமர் ஒருத்தர் ‘கண்ணாடி விரிசல் விட்டுருச்சு’ன்னு அலறியடிச்சு போன் பண்ணாரு. போய்ப் பார்த்தா இத்தனூண்டு இறால்!

ஹேவ்லாக் அக்கா:
இறாலா மீனான்னு காதாலயே பிரிச்சிடலாம் தம்பி. இறால் போடறது ஒத்தை வெடி. இடுக்கியை மூடற வேகத்தில் தண்ணியில் ஒரு குமிழி உண்டாகி உடையும், அந்த உடையற சத்தம்தான் நமக்குக் கேக்கறது. நீங்க சொல்றது வரிசையா வர்ற தட்டு. அது க்ளவுன்தான்.

ஆனா கூப்பிடற சத்தம் இல்ல, அதட்டற சத்தம். அடுத்த தடவை கேக்கும்போது பெருசையே கவனிங்க. தலையைக் கொஞ்சம் தூக்கி, வாயைத் திறந்து, சின்னது மேல பாயும். டக் வர்றது அப்பதான். பெல்ஜியம் விஞ்ஞானி எரிக் பார்மான்டியேயும் கூட்டாளிகளும் 2007ல் இதை அதிவேக கேமராவிலும் எக்ஸ்ரேயிலும் பிடிச்சுக் காட்டினாங்க. திறந்த தாடையை ஒரு நார் வெடுக்குன்னு இழுத்து மூடுது, பல்லோட பல்லு மோதுது, அவ்வளவுதான். சின்னது பதிலுக்குத் தலையை வெடவெடன்னு ஆட்டும், அந்தப் பணிவுக்கும் ஒரு தனிச் சத்தம் உண்டு.

க்ளவுன் வீட்டில் பெருசுதான் பொம்பளை. அவ செத்தா அடுத்த இடத்தில் இருக்கற ஆண் பெண்ணா மாறிடும். அந்த வரிசை கலையாம இருக்கத்தான் இத்தனை அதட்டல். உடம்பு வளர வளர சுருதி இறங்கும், அதனால குரலை வெச்சே யார் பெருசுன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கு. ஜோடி சேர இதுங்க சத்தத்தை நம்பறதில்ல. வீடியோக்காரங்க பேச்சை விடுங்க.

உங்க டேங்க்லயே கூப்பிடத் தெரிஞ்சது யாருன்னா, அந்த மூணு புள்ளி டாம்சல்! நான் இங்க அந்தமான்ல டைவுக்கு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறவ, கடல்ல அடிக்கடி பார்ப்பேன். ஆண், பாறையில் கையகல இடத்தைக் கொறிச்சுக் கொறிச்சுச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கும். பெண் கண்ணில் பட்டதும் விருட்டுன்னு மேல எழும்பி, அதே வேகத்தில் தலைகீழாச் சறுக்கி இறங்கும். இறங்கும்போதே ‘டுர்ர்’னு ஒரு குரல். நம்ம மூச்சுக் குமிழிச் சத்தத்தில் அது அமுங்கிப் போயிடும். மூச்சை இழுத்து விடறதுக்கு நடுவுல தானா வர்ற சின்ன இடைவெளியில்தான் காதுல விழும். (அதைக் கேக்கறதுக்காக யாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அப்படியே மேல ஏறினா நுரையீரல் கிழிஞ்சிடலாம்.)

பசிபிக் கடல்ல இருக்கற ஜான்ஸ்டன் பவளத்தீவில் இதோட பங்காளி டாசிலஸ் அல்பிசெல்லாவை டேவிட் மான், ஃபிலிப் லோபல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹைட்ரோஃபோன் (தண்ணிக்குள்ள வேலை செய்யற மைக்) போட்டுப் பதிஞ்சாங்க. 12 மீட்டர் தாண்டினா அந்தக் குரல் சுத்துப்பட்டு இரைச்சல்ல கரைஞ்சிடுமாம். ஆக, இது அக்கம்பக்கத்துக்கு மட்டும்.

அட்லாண்டிக் பக்கத்து ரெண்டு நிற டாம்சல் கதை இன்னும் ருசி. மயாமி பல்கலைக்கழகத்து ஆர்தர் மிர்பெர்க் 1980கள்ல தண்ணிக்குள்ள ஸ்பீக்கர் வெச்சு ஆண் குரலைப் போட்டார். பெண்கள் சொந்த இனத்துக் குரல் வந்த பக்கம் போச்சு. ஆண்களுக்கும் ஒரு சோதனை வெச்சார். பக்கத்து வீட்டு ஆணோட குரல் வழக்கமான திசையில் வந்தா பெருசா கண்டுக்கறதில்ல. அதே குரல் எதிர்த் திசையிலிருந்து வந்தா எகிறுது!

உப்புத்தண்ணி:
அக்கா, சூப்பர்! இப்பதான் பார்த்தேன், பெருசு பாயும்போதுதான் டக் வருது. டாம்சல் ஒத்தையா இருக்கே, அது கத்துமா? டைல் விஷயம்?

ஹேவ்லாக் அக்கா:
அதுவும் சண்டையில் கத்தும். ஆனா வளர்ந்துட்டா ரொம்ப முரடாகும், க்ளவுனை நிம்மதியா இருக்க விடாது. அதைக் கைமாத்தி விடுங்க. டைல் தாராளமா வைங்க. முட்டைக்கு அறிகுறி காதுல இல்ல, கண்ணுலதான்: ரெண்டும் ஒரே இடத்தை மாறி மாறிக் கொறிக்கும், பெண்ணுக்கு வயிறு உப்பும், அடிவயித்தில் சின்னதா வெள்ளைக் குழாய் எட்டிப் பார்க்கும்.

கொளத்தூர்வாசி:
டாம்சலை நான் எடுத்துக்கறேன் தம்பி. காசெல்லாம் தர மாட்டேன், ரெண்டு டைல் தர்றேன்.