புதுப்பிப்பு: இரண்டு அணிகளை இணைத்த பிறகு வந்த மோதல்

முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. இரண்டு அணிகளை ஒன்றாக்கியதும் மூத்தவர்கள் இருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். தனித்தனியாகப் பேசிப் பாருங்கள் என்றீர்கள். பேசினேன். முதலாமவர் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம், "இனி என் வேலை எது என்றே தெரியவில்லை" என்றார். அதை முதல் நாளே நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதை யார் முடிவுசெய்வது என்று மூவரும் உட்கார்ந்து எழுதினோம்.

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் விவரித்த குழு வளர்ச்சிப் படிகளில், உருவாதலுக்கு அடுத்தது கொந்தளிப்புதான் என்று ஒருவர் நினைவூட்டியது பெரிய ஆறுதல்.

நேற்று ஒருவரின் அறிக்கையை மற்றவரே கேட்டு வாங்கிச் சரிபார்த்தார். மதிய இடைவேளையில் இன்னும் தனித்தனியாகத்தான் உட்காருகிறார்கள்.